காலைல அண்ணாச்சியின் சாயங்கால வெல்டிங்

மும்பையில் அவசரப்படாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவரும் போயும் போயும் குர்லா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறைக்கு இந்தப் பக்கம் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள், அந்தப் பக்கம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள். நடுவில் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, காக்கி அரைக்கால் சட்டையும் நெற்றிக்கு ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடியுமாக அவர் உட்கார்ந்திருப்பார். முந்தின நாள் செய்த கேட்டையோ கிரில்லையோ பார்த்துக்கொண்டிருப்பார். சினிமா பார்ப்பதுபோல அல்ல. ஜாதகம் பார்ப்பதுபோல.

அவருடைய சொந்தப் பெயர் பட்டறைப் பலகையில் இருக்கிறது. பலகையை யாரும் படிப்பதில்லை. குர்லாவிலிருந்து தாராவி வரைக்கும் அவருக்குக் காலைல அண்ணாச்சி என்றுதான் பெயர். எதைக் கேட்டாலும் "காலைல பாப்போம்" என்று சொல்லிச் சொல்லி வந்த பெயர் அது.

இரும்பை இரும்போடு சேர்ப்பதில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் அங்கங்கே பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்து நிறுத்துவார்கள். அதற்கு டாக் என்று பெயர். நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு முழு வெல்டிங் வைத்து மூடுவார்கள். மற்ற பட்டறைகளில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பீடி புகைகிற நேரம் இருக்கும். அண்ணாச்சி பட்டறையில் ஒரு ராத்திரி இருக்கும். டாக் வைத்ததும் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். மறுநாள் காலையில் நீல டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு முகம் கழுவி, துண்டால் துடைத்து, யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூன்று பக்கமும் நின்று பார்ப்பார். அதற்கப்புறம்தான் முழு வெல்டிங். பிரதம மந்திரி வீட்டு கேட்டாக இருந்தாலும் அதே கதைதான்.

"சூடா இருக்கும்போது இரும்பு பொய் சொல்லும்வே. நம்ம கண்ணும் அன்னைக்குப் பூரா நம்ம பக்கம்தான் பேசும். ரெண்டும் ஒரு ராத்திரி ஆறணும்" என்பார்.

ஒருமுறை மாட்டுங்காவில் மெஸ் நடத்துகிற ஒருவர் தட்டு அடுக்கும் ஸ்டாண்டு ஒன்று செய்யக் கொடுத்திருந்தார். அவருக்கு மறுநாள் மெஸ்ஸில் ஏதோ விசேஷம். சாயங்காலம் வந்து பார்த்தால் ஸ்டாண்டு ஜம்மென்று நிற்கிறது. அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருந்தார். மெஸ்காரர் கைவண்டி பிடித்து ஸ்டாண்டை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். சயான் பாலம் தாண்டுவதற்குள் நாலு காலும் நாலு திசையைப் பார்த்துப் படுத்துவிட்டன. பொறுக்கிக் கட்டி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்ன ஓய், உம்ம ஸ்டாண்டு சயான்லயே காலை நீட்டிடுத்து?" என்று கேட்டார்.

அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நான் நிச்சயதார்த்தம்தான் சாமி பண்ணி வச்சேன். நீங்க கூட்டிட்டுப் போயி குடித்தனமே வச்சிட்டீங்க."

இந்தப் பழக்கம் இரும்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. அண்ணாச்சி எதையும் அன்றைக்கே பார்த்து அன்றைக்கே முடிவு சொல்ல மாட்டார். மீன் வாங்கினால்கூட நல்ல மீனா என்று அவர் மனைவி, எங்கள் மதினி, கேட்கக் கூடாது. கேட்டால் காலையில் பார்த்துச் சொல்வதாகச் சொல்வார். காலையில் அதைச் சொல்ல அண்ணாச்சி தேவையில்லை, தெருவே சொல்லும். புதுச் செருப்பு வாங்கிவந்தால் ஒரு ராத்திரி வாசலில் வைத்துவிட்டுத்தான் போடுவார். அப்படி வைத்த இரண்டு ஜோடி காணாமல் போயின. "நமக்குச் சேராத செருப்பு. காலைலதான் தெரிஞ்சுது" என்று திருப்தியாகச் சொல்லிக்கொண்டார்.

ஊரில் பெண் பார்க்கப் போன இடத்திலும் இதையே செய்திருக்கிறார். சொஜ்ஜி பஜ்ஜி எல்லாம் சாப்பிட்டு முடித்து, பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, காலையில் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவர்கள் வீட்டு முற்றத்திலேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டாராம். பெண் வீட்டார் விடிய விடிய கூடிக் கூடிப் பேசியிருக்கிறார்கள். காலையில் முகம் கழுவிவிட்டு வந்து சம்மதம் சொன்னார். மதினி இதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். "நானும் காலைலதான் இவரைச் சரியாப் பாத்தேன். அதுக்குள்ள எங்கய்யா வெத்தலை மாத்திட்டாவ."

எனக்கு இவரோடு என்ன தொடர்பு என்றால், நான் சின்ன லோடர் ஓட்டுகிறவன். முன்னால் பக்கெட் வைத்துக்கொண்டு, இருக்கிற இடத்திலேயே பம்பரம்போலச் சுற்றுகிற வண்டி அது. சந்து பொந்தெல்லாம் நுழையும். முதலாளி நெருளில் இருக்கிறார். வண்டி ராத்திரியில் நிற்பது எங்கள் சீத்தா கேம்ப்பில். பக்கெட்டில் பல் உடைந்தால், கம்பி விட்டுப் போனால் அண்ணாச்சி பட்டறைக்குத்தான் கொண்டுபோவேன். எனக்குப் பேச்சு வராது. பேசவேண்டிய இடத்தில் தொண்டையைச் செருமுவேன், அவ்வளவுதான். அதனால் அண்ணாச்சி எனக்கு வைத்த பெயர் பேசாமடந்தை. நான் பட்டறைக்குள் நுழைந்தால் "வாரும் பேசாமடந்தை, இன்னைக்கு எத்தனை வார்த்தை கொண்டாந்திருக்கீரு?" என்பார். நான் சிரித்துவிட்டு உடைந்ததைக் காட்டுவேன். எங்கள் நட்பு இப்படித்தான் வளர்ந்தது.

எங்கள் கல்லிக்கு, அதாவது சந்துக்கு, பின்னால் ஒரு மைதானம் இருக்கிறது. ஏதோ குழாய் பதிக்கத் தோண்டியவர்கள், தோண்டின மண்ணை நாலா ஓரமாகவே கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நாலா என்றால் எங்கள் ஊர்ப் பெரிய சாக்கடை. அன்றிலிருந்து மைதானத்தின் சரிவு மாறிவிட்டது. நாலாவுக்குப் போகவேண்டிய மழைத் தண்ணீர், திரும்பி எங்கள் கல்லிக்கு வர ஆரம்பித்தது. கல்லியில் கடைசி வீடு, எல்லா வீட்டையும்விடப் பள்ளமான வீடு, எங்கள் வீடு. போன மழைக்குக் கட்டிலின் கால் மறைகிற அளவுக்குத் தண்ணீர் நின்றது. நானும் என் மனைவி வள்ளியும் கட்டில்மேல் ஸ்டவ்வை ஏற்றிவைத்து டீ போட்டுக் குடித்தோம். அப்போது நாங்கள் இருவர் மட்டும்தான். சிரித்துக்கொண்டே சமாளித்துவிட்டோம்.

இந்த வருஷம் எங்கள் மகள் கனி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். டாக்டர் சொன்ன நாளும் மழை வருகிற நாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பச்சைப் பிள்ளையை எங்கே படுக்க வைப்பது என்று வள்ளி பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எந்த உயரத்தில் பலகை அடிக்கலாம் என்று யோசிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

கல்லியில் எல்லாக் காரியத்துக்கும் முன்னால் நிற்பவர் காதர் பாய். அவர் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசி, மைதானத்தை நாமே சரி பண்ணிக்கொள்ளலாம், வண்டிதான் நம்மிடமே இருக்கிறதே என்று முடிவு செய்தார். முதலாளியும் வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நான் பக்கெட்டை வைத்துக்கொண்டு நாலா ஓரத்து மேட்டை எல்லாம் அள்ளிப் பரப்பினேன். ஆனால் பக்கெட் அள்ளுவதற்குத்தான். இழுத்து நிரவுவதற்கு அல்ல. ஒரு இடத்தில் குழி விழும், பக்கத்தில் குவியும். சாயங்காலம் காதர் பாய் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"மைதானத்தச் சமமாக்கச் சொன்னா கடலாக்கி வச்சிருக்கீரே. இனி ஒரு தோணியும் நீரே குடுத்துரும்" என்றார்.

நான் தொண்டையைச் செருமினேன்.

அப்போதுதான் முதலாளி வீட்டு முற்றத்தில் புல்லுக்குள் கிடக்கிற லெவலர் பிளேடு ஞாபகம் வந்தது. முன்பு டிராக்டரின் பின்னால் மாட்டி ஓட்டியது. டிராக்டர் செத்துப்போய்விட்டது, பிளேடு மட்டும் மண்வெட்டியைப் படுக்கப்போட்டதுபோல, உள்பக்கம் குழிந்து, ஆள் நீளத்துக்குக் கிடந்தது. மைதானத்தை நிரவ அதைவிட நல்ல சாமான் கிடையாது. ஒரே ஒரு சிக்கல். அது டிராக்டருக்குப் பிறந்தது. டிராக்டரில் மாட்ட அதற்கு மூன்று காது இருக்கும், கீழே இரண்டு, மேலே ஒன்று. லோடரிலோ காது எல்லாம் கிடையாது. கைகளின் நுனியில் ஒரு தகடு இருக்கும். மாட்டுகிற சாமானின் முதுகிலும் அதற்கு ஜோடியாக ஒரு தகடு வேண்டும். மேல் விளிம்பைக் கொக்கிபோலக் கோத்து, கீழே இரண்டு லிவரை அழுத்தினால் முளை இரண்டும் ஓட்டைக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். பக்கெட்டைக் கழற்றி இன்னொன்றை மாட்ட ஒரு கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ, ஆறுகிற நேரம் போதும். ஆனால் முதுகில் அந்தத் தகடு இருக்க வேண்டும்.

அண்ணாச்சியிடம் போனேன். டெம்போவில் பிளேடும் வந்தது, அளவு எடுக்க லோடரின் பக்கெட்டும் வந்தது. லோடர் வரவில்லை. பட்டறைத் தெருவுக்குள் அது நுழைந்தால் பிறகு வேறு யாரும் நுழைய முடியாது.

அண்ணாச்சி டேப்பை நம்புகிறவர் அல்ல. பக்கெட்டின் முதுகில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து வைத்து, கிரீஸ் கையால் அழுத்தி அழுத்தி அச்சு எடுத்தார். மேல் விளிம்பின் சாய்வு, கீழே ஓட்டைகளின் இடம் எல்லாம் அட்டையில் பதிந்தன. அதைக் கனமான தகட்டில் வைத்து வெட்டினார். பிளேடை மல்லாக்கப் போட்டு, துருவைச் சுரண்டி, மூன்று காதையும் அறுத்து எடுத்தார். காது இருந்த இடத்திலேயே புதுத் தகட்டை நிறுத்தி, நாலு மூலையிலும் இடையிலும் டாக் வைத்தார். பிறகு வழக்கத்துக்கு மாறாக அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னமோ ஒண்ணு சொல்ல வருது. இப்போ காது கேக்கல. காலைல கேக்கும்" என்று சொல்லிக் கையுறையை ஆணியில் மாட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் காதர் பாய் வந்து சேர்ந்தார். ரத்னகிரி வரைக்கும் மழை வந்துவிட்டது, நாளை இல்லாவிட்டால் மறுநாள் இங்கே கொட்டும், டெம்போக்காரன் இன்றைக்கு விட்டால் வர மாட்டான், இப்போதே முடித்துக் கொடுத்துவிடுங்கள் என்றார். அண்ணாச்சி பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்து காலைல பாப்போம் என்றார். காதர் பாய் கெஞ்சினார், அதட்டினார், ஊர்ப்பாசம் பேசினார், மார்க்கம் பேசினார். ஒவ்வொன்றுக்கும் அதே பதில்தான். பக்கத்து டீக்கடைக்காரர் நடுவில் புகுந்து, அண்ணாச்சி எமன் வந்தாலும் காலைல பாப்போம் என்பார், அதனால்தான் இன்னும் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் தொண்டையைச் செருமினேன். இதோடு இவன் பங்கு முடிந்தது என்று காதர் பாய் டெம்போவைப் பார்க்கத் திரும்பினார். ஆனால் அன்றைக்கு, எனக்கே தெரியாமல், செருமலுக்குப் பின்னால் பேச்சும் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, கனிக்கு இது மாசம். போன மழைக்குக் கட்டில் கால் முழுகிட்டு."

அண்ணாச்சி என்னையே பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொள்ளவில்லை. இரண்டு கண்ணாலும் பார்த்தார். எழுந்து போய் ஆணியிலிருந்து கையுறையை எடுத்தார்.

"பேசாமடந்தை பேசிட்டாரு. இனி நான் என்னத்தப் பேச" என்று சொல்லிக் கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

காலைல அண்ணாச்சி சாயங்காலம் முழு வெல்டிங் வைக்கிறார் என்ற செய்தி குர்லாவில் ரயிலைவிட வேகமாகப் போனது. எதிர்ப் பட்டறைக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். டீக்கடைக்காரர் கடையைப் பாலோடு விட்டுவிட்டு வந்து நின்றார். பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஒருவரும் நின்று, என்ன கூட்டம் என்று ஹிந்தியில் விசாரித்துவிட்டு ஓடினார். அண்ணாச்சி யாரையும் பார்க்கவில்லை. நாலு பக்கமும், உள்ளும் வெளியும், ஒரு இடம் விடாமல் வெல்டிங் வைத்தார். விளக்குப் போடுகிற நேரத்தில் முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தாலி கட்டியாச்சு. இனி அவுக பாடு" என்றார்.

மறுநாள் காலையில் கல்லியே மைதானத்தில் இருந்தது. முகம் கழுவிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே அண்ணாச்சியும் வந்துவிட்டார். சீத்தா கேம்ப்புக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். வானம் கழுவாத வாணலிமாதிரி இருந்தது.

லோடரைக் கொண்டுபோய் புதுத் தகட்டின் விளிம்பில் கோத்தேன். இறங்கி லிவரை அழுத்தினேன். முளை இரண்டும் டக்கென்று ஓட்டைக்குள் போய் உட்கார்ந்தன. ஒரு நூல் ஆட்டம் இல்லை. அட்டைப்பெட்டியில் கிரீஸால் எடுத்த அளவு அது. எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணாச்சி மட்டும் தட்டவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பக்கம் நின்றார், அந்தப் பக்கம் நின்றார், எதிரே வந்து நின்றார். எதிரே நின்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

நான் பிளேடை மண்ணில் இறக்கி வண்டியை முன்னால் விட்டேன். பிளேடு மண்ணை வெட்டவில்லை, தடவிக் கொடுத்தது. குழிந்த பக்கம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. புடைத்த முதுகு மண்மேல் வழுக்கிக்கொண்டு போனது. பூனையைத் தடவுவதுபோல மைதானத்தைத் தடவிக்கொண்டே அந்தக் கோடிவரை போய் நின்றேன்.

யோசித்துப் பார்த்தால் மிகச் சின்ன விஷயம். டிராக்டருக்குப் பிளேடு பின்னால் இருக்கும். அதனால் குழிந்த முகம் டிராக்டரைப் பார்த்து இருக்கும். லோடருக்கோ எல்லாம் முன்னால். அங்கே முகம் வண்டியைப் பார்க்கக் கூடாது, வெளியே பார்க்க வேண்டும். காது இருந்த இடத்திலேயே தகட்டை வைத்ததில் பிளேடு முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் அது சொல்ல வந்தது இதுதான்.

"கோணல் இல்ல. மூஞ்சிதான் திரும்பிட்டு" என்றார் அண்ணாச்சி.

காதர் பாய் பதறிப்போய், அறுத்துத் திருப்பி வைத்துவிடலாமே என்றார். அண்ணாச்சி தலையை ஆட்டினார். டாக்காக இருந்தால் உளியும் சுத்தியலும் போதும், டீ வருவதற்குள் கழன்றுவிடும். வைத்ததோ முழு வெல்டிங். அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு சாயங்காலம் வைத்தது. அத்தனை பலமும் அதில் போட்டிருந்தார். அறுத்து எடுத்துத் திரும்ப வைக்க இன்னொரு முழு நாள் வேண்டும். அதற்குள் வானம் காத்திருக்காது. அண்ணாச்சி ஓரமாகப் போய் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட நான் வண்டியிலிருந்து இறங்கியிருப்பேன். என்ன செய்வதென்று தெரியாமல் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது வள்ளி வாசலிலிருந்து சத்தம் கொடுத்தாள். அவள் கையில் தரை துடைக்கிற துணி இருந்தது.

"ஏங்க, தரை தொடைக்கிறவ என்னைக்காவது முன்னால போயிப் பாத்திருக்கியளா? தொடைச்ச எடத்துல மிதிச்சிரக் கூடாதுன்னு பின்னால பின்னாலதான வருவோம்? நீங்களும் பின்னாலயே வாங்களேன்."

காதர் பாய் வள்ளியைப் பார்த்தார். நான் பிளேடைப் பார்த்தேன். அண்ணாச்சி துண்டை விலக்கினார்.

நான் ரிவர்ஸ் போட்டேன். பிளேடு மண்ணைக் கவ்வியது. மேட்டில் இருந்த மண் குழிவுக்குள் நிறைந்து, பள்ளம் வந்ததும் தானாக இறங்கி நிரவிக்கொண்டது. வண்டி பின்னால் போக, பிளேடு டயர் தடத்தையும் சேர்த்து அழித்துக்கொண்டே வந்தது. எனக்கு முன்னால் விரிந்த தரை வார்த்த தோசைமாதிரி இருந்தது. டிராக்டர் முன்னால் போனால் என்ன செய்யுமோ, அதையே லோடர் பின்னால் போய்ச் செய்தது. பிளேடுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இத்தனை வருஷம் லோடர் ஓட்டுகிற எனக்கும் வள்ளி சொல்கிறவரை தெரியவில்லை.

வித்தியாசம் தெரிந்தது ஊருக்குத்தான். ரிவர்ஸ் போட்டால் எங்கள் வண்டி பீப் பீப் என்று கத்தும். வழியில் நிற்பவர்களை எச்சரிக்கிற ஏற்பாடு. அன்றைக்கு விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை சீத்தா கேம்ப் முழுவதும் பீப் பீப் என்பதைத் தவிர வேறு சத்தம் கேட்கவில்லை. நாலு பேர் பார்த்தால் டீயைக்கூடக் குடிக்கக் கூச்சப்படுகிறவன் நான். என்னை நானூறு பேர் பார்க்க, கழுத்தைப் பின்னால் திருப்பிக்கொண்டு நாள் முழுவதும் பின்னோக்கிப் போனேன். ஒவ்வொரு தடவை எங்கள் வாசலைத் தாண்டும்போதும் கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க, சிரிக்காதே என்று வள்ளி அவளை அதட்டினாள்.

அண்ணாச்சி கல்லைவிட்டு எழுந்துவிட்டார். பாதித் தண்ணீர் உள்ள பாட்டிலைத் தரையில் படுக்கவைத்துப் பார்ப்பார். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துவிடும் என்று கையைக் காட்டுவார். கடைசியில் ஒரு குடம் தண்ணீரைக் கல்லியின் வாசலில் ஊற்றச் சொன்னார். தண்ணீர் கொஞ்சம் யோசித்தது. பிறகு எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாலாவைப் பார்த்து நடந்தது. காதர் பாய் உற்சாகமாக, எப்படி அண்ணாச்சி, சரிதானே என்றார். அண்ணாச்சி வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

காலையில் பார்க்க அவர் இருந்தார். காதர் பாய் வீட்டிலேயே படுத்துவிட்டார். விடியும்போது மழை அடித்து ஊற்றியது. அண்ணாச்சி குடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எங்கள் வாசல்படியில் நின்றார். மைதானத்துத் தண்ணீர் பூராவும் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. படியின் கீழ்க்கல் மழைச் சாரலில் நனைந்திருந்ததே தவிர, மேலே ஒரு சொட்டு ஏறவில்லை. வள்ளி டீ கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டு, என் கழுத்தைப் பார்த்துத் தைலம் தேய்க்கச் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கழுத்து நேராக ஒரு வாரம் ஆனது. அதுவரைக்கும் யார் கூப்பிட்டாலும் உடம்போடு சேர்ந்துதான் திரும்பினேன்.

அந்த மழையிலேயே கனிக்குப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சாயங்காலம், சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு அண்ணாச்சி வந்தார். தலையைத் துவட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து பிள்ளையைப் பாருங்கள் என்று வள்ளி கூப்பிட்டாள். அண்ணாச்சி நகரவில்லை.

"வேண்டாம் தாயி. ஒருதரம் சாயங்காலம் பாத்துப் பட்ட பாடு போதும். காலைல வாறேன்."

வள்ளிக்கு மூக்குக்குமேல் கோபம் வந்துவிட்டது. பிள்ளை என்ன கிரில்லா, கேட்டா, குர்லாவிலிருந்து நனைந்து வந்துவிட்டு இப்படியும் ஒரு மனுஷரா என்று அவர் போனபிறகு கேட்டாள். ஆனால் காலையில் அவர் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது அவள்தான் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். அண்ணாச்சி ஒரு கண்ணை மூடிக்கொண்டார். இந்தப் பக்கம் நின்று பார்த்தார், அந்தப் பக்கம் நின்று பார்த்தார், எதிரே வந்து குனிந்து பார்த்தார். பிள்ளையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவரைப் பார்த்தது.

"கோணலே இல்ல" என்றார்.

இப்போது பேத்தி நடக்கிறாள். பிளேடு இன்னும் என் வண்டியோடுதான் இருக்கிறது. முகம் இன்னும் என்னைத்தான் பார்க்கிறது. ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் மைதானத்தில் பின்னோக்கிப் போய் நிரவிக் கொடுக்கிறேன். கூச்சம் முன்போல இல்லை. அண்ணாச்சிக்குத்தான் அது உறுத்தல். தன் கையால் செய்ததில் தப்பாக நிற்கிற ஒரே சாமான் அதுதான் என்று நினைக்கிறார். பட்டறைக்குப் போகும்போதெல்லாம் சொல்வார்.

"அதக் கொண்டாரும்வே பேசாமடந்தை. அறுத்துத் திருப்பி வச்சுத் தாரேன். முறையா, ஒரு ராத்திரி ஆறப்போட்டு."

நான் தொண்டையைச் செருமிக்கொள்வேன்.

"காலைல பாப்போம் அண்ணாச்சி."

அவரும் அதற்குமேல் கேட்பதில்லை. டீக்கடைப் பக்கம் திரும்பி, இரண்டு கட்டிங் என்று விரலைக் காட்டுவார்.